கருக்கம்பாளையத்தில் செய்த மாதிரித் துளை

கருக்கம்பாளையத்தில் குமாரசாமியின் பட்டறையை அறியாதவர் இல்லை. பழுதுபார்க்கக் கொடுத்த மோட்டாரை அங்கிருந்து பழுதுபட்டபடியே திரும்பக் கொண்டுவருவது ஊர் வழக்கம். அண்மையில் அவர் லேசர் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார். அதற்கு வேலை கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரின் கோழிப்பண்ணைக்குப் போயாக வேண்டும். குமாரசாமிக்குக் கோழி என்றால் பயம்.

இந்நிலையில்தான் பொறியாளர் கோதைநாயகி வந்தார். காதுக் கருவியில் பொருத்தும், கடுகளவே உள்ள தகடு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இதில் ஒரு துளை போட வேண்டும். அளவு, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. சூடு கூடினால் உருகிவிடும். எடுத்தவுடனே தகட்டில் கை வைக்காதீர்கள். முதலில் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்த பிறகு தகட்டில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் நூறு தகடுகளுக்கு ஆர்டர் தருகிறேன்."

அவர் போனதும் குமாரசாமி தம் ஆட்களான நாச்சிமுத்து, சென்னிமலை, மருதாசலம் மூவரையும் கூட்டினார்.

"முதல்ல அளவு. யாரு தலைமுடி?"

குமாரசாமியின் தலையில் அளக்க ஒன்றுமில்லை. ஆகவே நாச்சிமுத்துவின் குடுமியிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார்கள். நீளம் பத்து அங்குலம். பத்தாக நறுக்கி, ஒரு துண்டை எடுத்துத் தகட்டின் அருகில் வைத்தார்கள்.

"ஏனுங்கண்ணா, தகட்டை விடத் துளை பெருசா இருக்குதுங்களே?" என்றான் சென்னிமலை.

"அதுக்குத்தான் மாதிரி. மாதிரியில தகட்டைப் பெருசா நெனச்சுக்க."

"மாதிரின்னா என்னங்க?"

"செய்யற மாதிரி பண்ணறது. இதுகூடத் தெரியாமப் பட்டறைக்கு வந்துட்டான்!"

கணினியின் முன் நாச்சிமுத்து காலை அகட்டி உட்கார்ந்து, "டுர்ர்ர்" என்று ஓட்டினான். சென்னிமலை இல்லாத தகட்டை இரு விரல்களால் பிடித்துக்கொண்டான். மருதாசலம் லேசராக நின்று, "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்றான்.

"ஐயோ, உருகிப்போச்சு!" என்று சென்னிமலை விரலை உதறி வாயால் ஊதிக்கொண்டான்.

"மூச்சைக் குறைடா, மருதாசலம். உனக்கு எப்பவுமே வேகம் சாஸ்தி," என்றார் குமாரசாமி.

இரண்டாம் ஓட்டத்தில் துளை பாதியில் நின்றது. மூன்றாவதில் மருதாசலம் அளவாக "ஸ்ஸ்" என்றான். சென்னிமலை இல்லாத தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தது. நால்வரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

பிறகு உண்மையான தகட்டை இயந்திரத்தில் வைத்து, முடித்துண்டின் நீளத்துக்கே துளை போட்டார்கள். துளை மிக நேர்த்தியாக அமைந்தது. தகட்டைத்தான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த கோதைநாயகி, குமாரசாமி நீட்டிய டப்பாவைத் திறந்தார்.

"தகடு எங்கே?"

"துளைக்குள்ள போயிடுச்சுங்கம்மா," என்றார் குமாரசாமி பணிவாக. "துளை மட்டும் பத்திரமா இருக்குதுங்க. மூடியை ரொம்ப நேரம் திறந்து வெக்காதீங்க."

கோதைநாயகி டப்பாவைப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார். மூடியை மெதுவாக மூடினார்.

"ரொம்ப நல்லது. நூறு தகடுகளுக்கும் உங்களிடம் ஆர்டர் கொடுத்த மாதிரிதான்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

குமாரசாமியின் கண்கள் கலங்கின. "கேட்டீங்களாப்பா? ஆர்டர் கொடுத்த மாதிரியாம்! மாதிரிதான் நமக்குக் கைவந்த வேலையாச்சே!" உடனே மாமனாருக்குப் போன் செய்து, கோழிகளுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை மளமளவென்று நடந்தது. "டுர்ர்ர்", "ஸ்ஸ்", அடுத்தது. "டுர்ர்ர்", "ஸ்ஸ்", அடுத்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்து, வெறும் மேசைமேல் வரிசையாக அடுக்கியாயிற்று. சென்னிமலை விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தவன் திடீரென்று நின்றான்.

"அண்ணா, ஒண்ணு அதிகமாச் செஞ்சுட்டமுங்க. நூத்தியொண்ணு இருக்குது."

நால்வரும் மேசைமேல் குனிந்தார்கள்.

"பாத்து எடுங்கப்பா," என்றார் குமாரசாமி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "நல்லதைத் தூக்கி வெளியே போட்டுடாதீங்க."