பவுனுக்குக் காய்ச்சல் வந்தது

மழை பொய்த்த வருஷம். மலையடிவார ஆசிரமத்தில் குருவம்மா நோஞ்சான் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். காய்ச்சுவதும் ஊட்டுவதும் சீடர் சிங்காரத்தின் பொறுப்பு. அவர் குருவைவிட வயதில் மூத்தவர். ஞானம் தேடி வந்த மனிதருக்கு அடுப்படி கிடைத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அங்கே அவருக்குப் பிடித்த ஒரே பிள்ளை பவுனு. மூன்று வயது. எலும்பும் தோலுமாக வந்தவள். வரும்போதே காலில் முள் குத்திய காயம் இருந்தது. ஆனால் வீக்கமில்லை, சூடில்லை, அழுகைகூட இல்லை. போட்ட இடத்தில் கிடப்பாள்.

"தங்கமான பிள்ளை" என்பார் சிங்காரம். குருவம்மாவுக்கோ அவளைப் பார்த்தாலே முகம் வாடிவிடும்.

கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்ததில் பவுனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. எல்லாம் தன் கைராசி என்று சிங்காரம் பூரித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு காலையில் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. கால் சிவந்து வீங்கியது. தொட்டால் ஊரைக் கூட்டினாள். ஊட்டப் போனவரின் விரலையும் கடித்துவைத்தாள்.

அவள் அம்மா மாரக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"வந்தப்போ சூடே இல்ல. உங்க கஞ்சிதான் என்னமோ பண்ணிடுச்சு. ஒண்ணை ஏற்கெனவே மண்ணுக்குக் குடுத்துட்டேன். இதையாவது வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

சிங்காரம் குருவம்மாவிடம் ஓடினார்.

"போதும்மா! நாளெல்லாம் அடுப்புல வெந்ததுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சலை இழுத்துவிட்ட பேருதான் மிச்சம்."

"யாருக்குக் காய்ச்சல்?"

"பவுனுக்கு."

"பவுனுக்கா? நிஜமாவா?" குருவம்மா சிரித்துவிட்டார்.

சிங்காரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குருவம்மா வாசலுக்கு ஓடி மாரக்காவை நிறுத்தி உட்கார வைத்தார். வெந்நீரில் காலைக் கழுவி, வீக்கத்தை மெல்லப் பிதுக்கினார். சீழோடு ஒரு துண்டுக் கருவேல முள் வெளியே வந்தது. பவுனு வீறிட்டாள்.

"கத்துடி, நல்லாக் கத்து" என்றார் குருவம்மா.

சிங்காரத்தால் பொறுக்க முடியவில்லை. "இவ வந்த அன்னைக்கே இந்த முள் உள்ளதானே இருந்திருக்கும்? அப்போ வராத காய்ச்சல், உடம்பு தேறின பிறகு எதுக்கு வரணும்?"

"பட்டினி கிடக்கிற நாய், திருடன் வந்தா குரைக்குமா?"

"எங்க குரைக்கும்? எழுந்திருக்கவே தெம்பு இருக்காது."

"நீங்க சோறு போட்டீங்க. இப்போ குரைக்குது. அதை என்கிட்ட வந்து புகார் சொல்றீங்களே, சிங்காரம்!"

சிங்காரம் பவுனின் கொதிக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மாரக்காவுக்கு நாயும் புரியவில்லை, திருடனும் புரியவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். எம்பிள்ளை பொழைச்சுக்குமா? அதைச் சொல்லுங்க."

குருவம்மா பவுனின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டார்.

"வந்த அன்னையிலேர்ந்து நீ இதைக் கேட்டுடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் மாரக்கா. இப்போ தைரியமாச் சொல்றேன். பொழைச்சுக்கும்."