ஒண்ணாப்புக்கு ருசி பார்த்தவர்கள்

நாற்காலியை அறுப்பதா, தவசியை அறுப்பதா என்று ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி அது. ஆறு வயது இடுப்புக்குச் செய்தது. தவசி அதில் நாற்பது வயது இடுப்பை இறக்கிவிட்டான். இப்போது அவன் எழுந்தால் நாற்காலியும் எழுந்தது. திரும்பினால் கூடவே திரும்பியது.

"நாற்காலி அரசாங்கச் சொத்து. அதுல கத்தி வைக்க முடியாது," என்றார் ஏகாம்பரம். ஆவாரங்குழிப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மீசை பெரிது. தலைக்குள் வேறு பாரம் எதுவும் இல்லாததால் அதைச் சுமப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை.

"தவசி அரசாங்கச் சொத்து இல்லையே," என்றான் பூவலிங்கம். ஆடு வளர்ப்பவன். ஆடுகள் அவனைவிடக் கொஞ்சம் யோசிக்கும்.

"அப்படிச் சட்டுனு சொல்லிராத வே," என்றான் சித்திரைவேலு. பத்து வருஷம் லாரி ஓட்டியவன், நாலு ஊர் பார்த்தவன், அதனால் ஒரு பயனும் இல்லை. "ரேஷன் கார்டுல அவன் பேர் இருக்கு. கார்டு அரசாங்கத்தோடது. அப்ப பேரும் அரசாங்கத்தோடது. பேரை விட்டுட்டு ஆளை மட்டும் எப்படி அறுப்ப?"

எல்லோரும் இதை யோசித்தார்கள். தவசியும் யோசித்தான். தன்னை அறுக்க முடியாது என்று தெரிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஜன்னலுக்கு வெளியே அவன் மகள் செண்பகம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. "எப்பா, சோப்புத் தண்ணி ஊத்தினா வந்துரும்," என்றாள்.

"பெரியவங்க பேசும்போது குறுக்க வரப்பிடாது தாயி," என்றான் தவசி.

மறு உத்தரவு வரும்வரை தவசியும் நாற்காலியும் சேர்ந்தே இருப்பது என்று முடிவானது.

ஒன்றாம் வகுப்பில் நாலு கிழட்டு எருமைகளுக்கு என்ன வேலை, பிள்ளைகள் ஏன் வெளியே நிற்கின்றன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஊரில் அதை யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒண்ணாப்பு மட்டும், ஏழு பிள்ளைகள். ஒரே டீச்சர், ஜெசிந்தா டீச்சர். அவரை நாலு நாள் பயிற்சிக்கு ஜில்லா தலைநகருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் சாவியைத் தவசியிடம் கொடுத்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணாச்சி, காலைல ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ள விடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். என்ன படிக்கணும்னு சுவர்ல அட்டை எழுதி ஒட்டியிருக்கேன். அதுகளே பார்த்துச் செஞ்சிரும். சத்துணவு முத்துபேச்சி கூட இருப்பா. வெள்ளிக்கிழமை ஆபீசர் வருதாரு. ஒண்ணாப்பு பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பார்த்துட்டுத்தான் இந்தப் பள்ளிக்கூடம் இருக்கணுமா, மூடணுமான்னு எழுதுவாரு."

மூடினால் செண்பகம் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். நடுவில் நாலுவழிச் சாலை. போன மாதம் பூவலிங்கத்தின் செவலை ஆடு அந்தச் சாலையைத் தாண்டப் போய்த் திரும்பி வரவில்லை. ஆட்டை நினைத்தால் தவசிக்கு மகள் ஞாபகம் வரும். மகளைப் பார்த்தால் ஆடு ஞாபகம் வரும். எப்படியாவது பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று அவன் முருங்கைத் தோட்டத்தில் நின்று நேர்ந்துகொண்டான்.

கதவைத் திறந்திருந்தால் போதும். நேர்த்திக்கடன் தேவையில்லை.

ஆனால் ஆவாரங்குழியில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ ஒரு கொடைத் திருவிழாவில் ஊசிப்போன பாயசத்தைத் தின்று பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுவிட்டது. அதிலிருந்து, பிள்ளைகளுக்குள் எது போவதானாலும் பெரியவர்கள் நாலு பேர் முதலில் ருசி பார்க்க வேண்டும். சோறானாலும் சரி, மருந்தானாலும் சரி. போலியோ சொட்டு மருந்துக்கு நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் முன்னால் போய் நின்று, நர்சம்மாவிடம் அடி வாங்காத குறையாகத் திரும்பியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தவசி சாவியோடு வந்தபோது ஏகாம்பரம் வாசலில் நின்றார்.

"சோறு வயித்துக்குள்ள போறது. அதுக்கே ருசி பார்க்கோம். படிப்பு மண்டைக்குள்ள போறது. பார்க்காம விடலாமா?"

தவசி சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தன் மகளின் மண்டைக்குள் பரிசோதிக்காத ஒன்று போகவிருந்ததே. நாலு பேரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். ஏழு பிள்ளைகளும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றன. தவசி நாற்காலியில் உட்கார்ந்தான். மிச்சத்தைச் சொல்லிவிட்டேன்.

அட்டையில் செவ்வாய்க்கிழமைக்குத் தமிழ். 'படங்களைப் பார்த்துப் பெயரைச் சொல்க.' கீழே ஓர் அம்மா, ஓர் ஆடு, ஓர் இலை, ஓர் ஈ.

"இது யார் வீட்டு அம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"நம்ம ஊர் இல்ல," என்றான் பூவலிங்கம். "முகத்துல கோபமே இல்ல பாருங்க."

"ஊரே தெரியாது, பேரை எப்படிச் சொல்லுறது?"

சித்திரைவேலு தெருத்தெருவாகப் போய் விசாரித்துவிட்டு வந்தான். யாருக்கும் அந்த அம்மாவைத் தெரியவில்லை. ஆட்டை மட்டும் பூவலிங்கம் உற்றுப் பார்த்துக் கண்கலங்கி, "இது எங்க செவலை," என்றான். போட்டோ எப்போது எடுத்தார்கள் என்று டீச்சர்மேல் அவனுக்கு வருத்தம். ஈயிடம் வந்தபோது மணி நாலு. ஈக்கு யாரும் பேர் வைக்கவில்லை என்றால் நாமே வைத்துவிடலாம் என்று ஏகாம்பரம் சொன்னார். கைதூக்கி ஓட்டுப் போட்டு வைரமணி என்று வைத்தார்கள்.

வெளியே பிள்ளைகள் ஜன்னல் வழியாக அட்டையைப் பார்த்து, "அம்மா, ஆடு, இலை, ஈ," என்று கத்தி முடித்து, நொண்டி விளையாடப் போயிருந்தன.

புதன்கிழமை கணக்கு. பத்துப் புளியங்கொட்டை, மூன்றை எடுத்துவிட்டால் மீதி எத்தனை.

ஏகாம்பரம் மூன்றை எடுத்துப் பூவலிங்கம் கையில் கொடுத்தார். "இப்ப எத்தனை?"

"பத்துதான். ஏழு அங்க இருக்கு, மூணு எங்கிட்ட இருக்கு. எங்க போச்சு?"

"போகணும்ல? போனாத்தான கணக்கு," என்று சித்திரைவேலு மூன்றையும் ஜன்னல் வழியே வீசினான்.

"எப்பா, கொட்டை விழுந்துட்டு," என்று செண்பகம் பொறுக்கிக்கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினாள். நல்ல பிள்ளை. தவசி வாங்கி வைத்தான். பத்து.

மறுபடி வீசினார்கள். மறுபடி கொண்டுவந்தாள். பதினோரு தடவை வீசிப் பார்த்தார்கள். பதினோரு தடவையும் பத்து.

"பத்துல மூணு போனா பத்து," என்று ஏகாம்பரம் கரும்பலகையில் எழுதினார்.

"ஏழு," என்றாள் செண்பகம், மூச்சு வாங்க.

"நீ பேசாத தாயி. நாங்க இன்னும் ருசி பார்த்து முடிக்கல."

சத்துணவு முத்துபேச்சி சட்டுவக் கரண்டியோடு வந்து ஜன்னலில் நின்றாள். "ஏய்யா, நீங்க நாலு பேரும் சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போனீங்களா?"

"போனோம். அப்ப எங்களுக்கு யாரும் ருசி பார்த்துத் தரல," என்றார் ஏகாம்பரம். "அதான் ஒட்டல."

"தவசியண்ணே, உனக்குமா புத்தி இல்ல? டீச்சர் என்ன சொல்லிட்டுப் போனா?"

"கதவைத் திறக்கச் சொன்னாங்க. திறப்பேன். என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சதும் திறப்பேன்." சொல்லிவிட்டுத் தவசி பெருமையாகப் பின்னால் சாய்ந்தான். நாற்காலி கிரீச் என்றது.

வியாழக்கிழமைக்கு இரண்டு பாடம். முதலில் சூழ்நிலையியல். 'ஒரு விதையை நட்டு, தண்ணீர் விட்டு, அது வளர்வதைக் கவனிக்க.' தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டார்கள். டீச்சர் வைத்துப்போயிருந்த பயறு ஒன்றை ஏகாம்பரம் எடுத்தார். வழக்கத்தை விட முடியுமா? வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு சிரட்டையில் தண்ணீர் விட்டார்கள். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து கவனித்தார்கள்.

மத்தியானம்வரை ஒன்றும் முளைக்கவில்லை.

"நாலு ஆம்பளைங்க இப்படி முறைச்சா எது வெளிய வரும்?" என்றான் பூவலிங்கம். "வெக்கப்படுதுல்லா."

அதுவும் சரியென்று பட்டது. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆனால் கவனிக்கச் சொல்லியிருக்கிறதே. ஆளுக்கு ஐந்து நிமிஷம், விரல் இடுக்கு வழியாக, அது அறியாமல் பார்ப்பது என்று முறை வைத்தார்கள். தவசியின் முறை வரும்போதெல்லாம் அவன் மனதுக்குள், 'வந்துரு சாமி, எம் பொண்ணு ரோட்டைத் தாண்டக் கூடாது,' என்று சிரட்டையைக் கும்பிட்டான்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே இங்கிலீஷையும் முடித்தார்கள். அட்டையில் ஒரு சிறுமியின் படம். பக்கத்தில் அவள் தன் பேரைச் சொல்கிறாள். இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவன் சித்திரைவேலு மட்டும். எழுத்துக் கூட்டி வாசித்தான். "மை நேம் இஸ் மாலா. இதைப் பார்த்துச் சொல்லிப் பழகணுமாம்."

சொன்னார்கள். சாயங்காலம்வரை சொன்னார்கள். ஏகாம்பரத்துக்கு மாலா என்று வருவதற்குள் மீசை நனைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசர் ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் பைல். கதவைத் தட்டினார். ஏகாம்பரம் திறந்து அவரை மட்டும் உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டு, பழையபடி போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆபீசருக்கு நாலு முதுகு தெரிந்தது. ஒன்றில் நாற்காலி இருந்தது.

"இது ஒன்றாம் வகுப்புதானே?"

"உள்ளேன் ஐயா," என்றார்கள் நாலு பேரும்.

ஆபீசர் பைலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, "உங்க பேரென்ன?" என்றார்.

"மை நேம் இஸ் மாலா."

"நீங்க?" என்று பூவலிங்கத்தைக் கேட்டார்.

"மை நேம் இஸ் மாலா."

சித்திரைவேலுவும் மாலாதான். அடுத்தது தவசி. பள்ளிக்கூடமே தன் வாயில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். செண்பகத்தை நினைத்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல், "மை நேம் இஸ் மாலா," என்றான்.

"பத்தில் மூணு போனால்?"

"பத்து."

ஆபீசர் சுவர் அட்டையில் இருந்த ஈயைக் காட்டினார். "இது?"

"வைரமணி."

சிரட்டையை எடுத்து விரலால் மண்ணைக் கிளறினார். "விதை எங்கே?"

"நான் ருசி பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்ல," என்றார் ஏகாம்பரம்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். எழுத எழுத வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். "ஒன்றாம் வகுப்பு மாணவர் நாலு பேர். வயது கூடுதல். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பள்ளியை மூடிவிட..."

தவசிக்குச் செவலை ஆடு கண்முன் வந்தது. எழுந்து ஏதோ சொல்லப் போனான். நாற்காலி பின்னால் இழுக்க உட்கார்ந்துவிட்டான்.

"சார்," என்றது ஜன்னல். செண்பகம் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். "அது ஒண்ணாப்பு இல்ல சார். அது எங்க அப்பா."

ஆபீசர் வெளியே போனார். வேப்பமரத்தடியில் ஏழு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் பயறு நட்ட சிரட்டை. இரண்டு விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. செவ்வாய்க்கிழமையே முத்துபேச்சியிடம் பயறு வாங்கி நட்டுவிட்டார்களாம். பத்தில் மூன்று போனால் ஏழு என்று ஏழு பேரும் சொன்னார்கள். ஈயை ஈ என்றார்கள். மை நேம் இஸ் செண்பகம் என்றாள் செண்பகம்.

ஆபீசர் பைலிலிருந்து தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எழுதினார். "பள்ளி இருக்கட்டும். ஒன்றாம் வகுப்பில் பதினோரு பேர். ஏழு பேர் நன்கு தேறியுள்ளனர். நாலு பேருக்கு இன்னும் பயிற்சி தேவை."

தவசி ஜன்னலோரம் நின்று கேட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஏகாம்பரம், "தாள்ல நம்மளையும் சேர்த்திருக்காரு," என்று மீசையைத் தடவினார்.

ஜீப்பில் ஏறும்போது ஆபீசர் திரும்பினார். "அந்தப் பிள்ளைகளை முதல்ல உள்ளே விடுங்கய்யா."

"சரிங்கய்யா," என்றான் தவசி.

சாயங்கால பஸ்ஸில் ஜெசிந்தா டீச்சர் வந்து இறங்கினார். பிள்ளைகள் மரத்தடியில் இருந்தன. கதவு சாத்தியிருந்தது. உள்ளே நாலு குரல்கள் தம்மை மாலா என்று சொல்லிக்கொண்டிருந்தன. முத்துபேச்சி சட்டுவத்தால் கதவைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "அண்ணாச்சி, திங்கக்கிழமை உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ள விடச் சொன்னிய."

"ஏன் விடல?"

தவசி எழுந்தான். நாற்காலியும் எழுந்தது.

"நாலு நாள் ருசி பார்த்துட்டோம் டீச்சர். ஒண்ணாப்பு ரொம்பக் காரம். எங்களுக்கே தாங்கல, எம் பொண்ணு எப்படித் தாங்கும்? ரெண்டாப்பு இருந்தா எடுத்துட்டு வாங்க. அது எப்படின்னு பார்த்துட்டுச் சொல்லுதோம்."

சொல்லிவிட்டுப் போய், மேல்தாழ்ப்பாளையும் போட்டான்.