தலைவர் கொடுத்த கரண்ட்

கோயிலில் முதல் பரிவட்டம் கட்டிக்கொள்கிற ஊராட்சித் தலைவர் மாசிலாமணிக்கு, சோலார் சார்ஜிங் கொட்டகையிலும் அதே மரியாதை வேண்டியிருந்தது. முக்கால்வாசி சார்ஜ் நிறைந்த காரோடு, அங்கே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஆட்டோக்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆட்டோவையெல்லாம் கழட்டு. எதுலயும் நான்தான் முதல்!"

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பூவாயி வானத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ஆகட்டும் தலைவரே, நீங்கதான் முதல்" என்று காரில் வயரைச் செருகினாள். ஆட்டோக்களைத் தொடவில்லை.

மேகம் மூடியது. காரின் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. தலைவர் பதறிப்போனார்.

"வெயில் போயிட்டா, நிறைஞ்ச வண்டிகிட்ட வாங்கி வத்தின வண்டிக்குக் கொடுக்குற கொட்டகை இது. திறப்பு விழாவுல நீங்கதானே மைக்ல சொன்னீங்க, 'ஊருக்குக் கொடுக்கிறதுல நான்தான் முதல்'னு?" என்றாள் பூவாயி.

ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். வயரைப் பிடுங்கப் போன தலைவரின் கை அப்படியே கும்பிட்டது.

அன்று தலைவர் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போனார், தன் கரண்ட்டிலேயே.