தவளை வாங்கிக்கொண்ட இருமல்

அந்தக் காலத்தில் தேனீயும் பேசும், தேனறுக்கும் கத்தியும் பேசும். பேசத் தெரிந்தும் சமயம் பார்த்து வாயை மூடிக்கொள்ளும் வித்தை மனுஷனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நஞ்சனும் ஒருநாள் அப்படி மூடிக்கொண்டான்.

நஞ்சன் மலைத்தேன் எடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறையிலிருந்து கொடியில் தொங்கித் தேன் எடுக்கிறவனுக்கு, மேலே கொடியைப் பிடிக்கிறவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அக்காளின் வாழ்வு கையில் இருக்கும்போது எந்தத் தம்பியும் பிடியை விடமாட்டான் என்று நம்பினார்கள்.

நஞ்சன் விட்டுவிட்டான். இமையில் ஒரு தேனீ கொட்டியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கொடி சரசரவென்று ஓடியது. கீழே அவனுடைய அக்காள் புருஷன், மாமா ஒண்டியன் பாறைத்திட்டில் மோதி விழுந்து கிடந்தான்.

நஞ்சனும் அக்கா செம்பியும் இறங்கிப் போய்ப் பார்த்தபோது உயிர் இருந்தது. ஆனால் விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஒவ்வொரு மூச்சும் பாதியில் நின்றது. மரப்பட்டை வைத்து நெஞ்சை இறுக்கிக் கட்டினால் பிழைப்பான். ஆனால் தொட்டாலே துடித்து எழுந்தான். எழுந்தால் உடைந்த எலும்பு உள்ளே குத்தியது.

"நான் போய்ப் பட்டை உரிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள இவரு வலிய மரத்துப்போகப் பண்ணு. உன் கையாலதான விழுந்தாரு" என்றாள் செம்பி. அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனாலேயே நஞ்சனுக்கு நெஞ்சு எரிந்தது.

வலிக்கு அவர்கள் வைத்திருந்தது கஞ்சாச் செடியின் இலையைக் கையால் தேய்த்துத் திரட்டிய கரும்பிசின். ஒண்டியனால் எதையும் விழுங்க முடியவில்லை. புகையாகத்தான் கொடுக்க வேண்டும். நஞ்சன் தீ மூட்டினான், தேனறுக்கும் கத்தியைச் செக்கச்செவேலென்று காய்ச்சினான், பிசினை அதில் வைத்து மூங்கில் குழலால் புகையை மாமாவின் வாயருகே கொண்டுபோனான்.

ஒண்டியன் இழுத்தான். உடனே இருமினான். இருமிய இருமலில் உடம்பு வில்லாக வளைந்து, உதட்டில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"அட அவசரக்குடுக்கை!" என்றது கத்தி. "நான் செவந்திருக்கும்போது எதத் தொட்டாலும் கருக்கிடுவேன். இன்னொரு தடவ இப்படி இருமினா உன் மாமன் போயிருவான். என் செவப்பு அடங்கட்டும், பொறு."

பொறுப்பதா! மாமாவின் மூச்சு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தது. நஞ்சன் கத்தியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சிவப்பு மெல்ல மங்கியது, பிறகு கறுத்தது.

"இப்ப வை. ஆனா ஒண்ணு" என்று கத்தி குரலைத் தாழ்த்தியது. "சூடு தணிஞ்சாலும் காரம் தணியாது. அத மொதல்ல வாங்குற தொண்டைய இருமல் புடிக்கும். புடிச்சா ஆயுசுக்கும் விடாது."

நஞ்சன் திகைத்துப்போனான். தானே முதலில் வாங்கலாம். ஆனால் தன் தொண்டைக்குள் போன புகை மாமாவுக்கு எப்படிப் போகும்?

அப்போது இடுப்பில் இருந்த சுரைக்குடுக்கைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. காலையில் ஊற்றில் தண்ணீர் மொண்டபோது உள்ளே புகுந்துவிட்ட தவளை அது. அந்தக் காலத்தில் தவளைக்கு இருந்த குரலைக் கேட்டால் குயில் வெட்கப்படும். அந்தத் திமிர் அதற்கு நிறையவே இருந்தது.

"புகைய என் தண்ணிக்குள்ள விடு" என்றது தவளை. "இருமுறத நான் இருமிக்கிறேன். அவனுக்குத்தான் எலும்பு குத்தும். எனக்குத்தான் விலா எலும்பே கெடையாதே! ஒரு இருமல்ல என்ன கொறஞ்சிரும்?"

கத்தி கடைசியாகத் தாழ்ந்த குரலில் சொன்னது மட்டும் தண்ணீருக்குள் இருந்த தவளைக்குக் கேட்டிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் நஞ்சன். வாயைத் திறந்தான். மாமாவின் உதட்டு ரத்தத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

குடுக்கையில் இன்னொரு துளை போட்டான். ஒரு குழலைத் தண்ணீருக்குள்ளும், இன்னொன்றைத் தண்ணீருக்கு மேலேயும் செருகித் தேன்மெழுகால் அடைத்தான். கத்தியில் பிசின் உருகியது. ஒண்டியன் மேல்குழலை இழுத்தான். குடுக்கைக்குள் தவளை குர்ர் குர்ர் என்று இருமியது. ஒண்டியன் இருமவில்லை. புகை குளிர்ந்து அவன் நெஞ்சில் இறங்கியது. முகத்தில் முறுக்கு தளர்ந்தது. செம்பி ஓடிவந்து பட்டையை வைத்து இறுக்கிக் கட்டினாள். அவன் முனகக்கூட இல்லை.

"பொழச்சுக்குவாருடா" என்று செம்பி தம்பியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

நஞ்சன் மெழுகைப் பிய்த்துத் தவளையை வெளியே எடுத்தான். அது நன்றியை எதிர்பார்த்து அவனை நிமிர்ந்து பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தது. தொண்டை உப்பியது. குர்ர் என்றது. மறுபடி முயன்றது. குர்ர். அதன் கண்கள் பிதுங்கின. நஞ்சனுக்கு அந்தக் கண்களைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

தவளை அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டது. பிறகு குர்ர் குர்ர் என்று இருமிக்கொண்டே ஊற்றை நோக்கித் தத்திப் போனது.

அன்று முதல்தான், பிசினைச் சூட்டில் வைக்கக் கத்தி போய்க் கல் வந்து, கல் போய்க் கண்ணாடிக் கிண்ணம் வந்த பிறகும், பிசின் புகைப்பவர்கள் சிவப்பு அடங்கும்வரை காத்திருக்கிறார்கள், புகையைத் தண்ணீர் வழியாகவே இழுக்கிறார்கள். இழுக்கும்போதெல்லாம் அவர்களுக்குப் பதிலாகத் தண்ணீருக்குள் குர்ர் குர்ர் என்று ஒருவர் இருமுகிறார்.