தலைவரம்மா குடித்த மோர்

"ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போறது, பென்ஷனுக்கு அலையறது, இதுதானே உன் வேலை? கட்டடம் எங்கே கட்டணும்னு நாங்க முடிவு பண்றதுல உனக்கு என்ன இருக்கு, குருவே?"

பேரூராட்சித் தலைவர் குணவதி கேட்டாள்.

சகாயமேரி அவளைவிட இளையவள். அந்த ஊரில் வெகுநாளாகச் சமூகப் பணி செய்பவள். குணவதி தேர்தலில் நின்றதே அவள் சொல்லித்தான். கேலியாகத் தொடங்கிய 'குருவே' அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் கூட்டம். சந்தைப் பெண்களுக்கான கழிப்பறையை மதுக்கடைக்குப் பின்னால் கட்டுவதாகத் தீர்மானம். அங்கேதான் இடம் சும்மா கிடந்தது. ஒன்று கட்டிவிட்டால் இன்னொன்று வராது.

"இன்ஜினியர் பார்த்துட்டார். கவுன்சிலருங்க சரின்னுட்டாங்க. நீ மட்டும் ஏன் வேணாங்கிறே?"

"சந்தை வரைக்கும் வாங்கக்கா."

மீன் விற்கும் அந்தோணியம்மா பக்கத்தில் சாக்கை விரித்து, சகாயமேரி குணவதியை உட்கார வைத்தாள். ஒரு சொம்பு மோர் வாங்கித் தந்தாள்.

நல்ல வெயில். குணவதி பாதியைக் குடித்துவிட்டு அந்தோணியம்மாவிடம் நீட்டினாள்.

"ஐயோ, எனக்கு வேணாம் தலைவரம்மா. வீட்டுக்குப் போய்த்தான் தண்ணியே."

எதிரே கீரை விற்றவள் சிரித்தாள். "தலைவரம்மா சந்தைக்குப் புதுசு."

மீதியையும் குணவதியே குடித்தாள்.

வெயில் ஏறியது. பேச்சு நடந்துகொண்டே இருந்தது. குணவதி நெளிய ஆரம்பித்தாள்.

"சகாயம், எங்கேடி போறது?"

"மதுக்கடைக்குப் பின்னாடி இடம் இருக்கே அக்கா."

குணவதி முறைத்தாள். ஆனால் எழுந்து நடந்தாள்.

கடை வாசலில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் அவளைப் பார்த்துப் பாட ஆரம்பித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பாதி வழியிலேயே திரும்பி வந்தாள்.

"இதை வாயால சொல்லியிருக்கலாமே!"

"மூணு மாசமா சொல்றேன் அக்கா."

"ஜீப்பை வரச் சொல்லு. வீட்டுக்குப் போகணும்" என்றாள் குணவதி அவசரமாக.

அந்தோணியம்மா தராசைத் துடைத்தபடி சொன்னாள். "உங்களுக்கு ஜீப்பு இருக்கு."

மறுநாள் கூட்டத்தில் இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டதுதானேம்மா. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

குணவதி பேனாவை மூடினாள். சரி சொல்லியிருந்த பெண் கவுன்சிலர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

"கூட்டம் சந்தையில நடக்கும். சாயங்காலம் வரைக்கும்."

"அங்கே எதுக்குக்கா?" என்றாள் ஒருத்தி.

குணவதி பியூனைக் கூப்பிட்டாள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி இவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடு."