கடுகுச் சிலம்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு, தம் மக்கள் எல்லாரும் நன்றாக நடந்து ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. நல்ல ஆசைதான். அது அமைச்சர் தீர்த்தகிரியின் கையில் சிக்கியதுதான் வினை. அவர் அரசர் உட்பட எல்லாருக்கும் ஆளுக்கொரு சிலம்பு செய்து மாட்டிவிட்டார். உள்ளே கடுகு, அடியில் சிறு துளை. நடக்க நடக்கக் கடுகு உதிரும். சிலம்பைக் காலி செய்தவருக்கே அரண்மனை வைத்தியர் இலவசமாக மருந்து தருவார் என்று ஓலையில் ஆணை எழுதி, அரசரின் முத்திரையும் வாங்கிவிட்டார்.

அரண்மனைக்குப் பூக்கட்டும் ஆவுடைக்கு முழங்கால் வீங்கி, எழுந்து நிற்கவே முடியவில்லை. வைத்தியர் அவள் சிலம்பை ஆட்டிப் பார்த்தார். கடுகு நிறைய இருந்தது. மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"நடக்க முடிஞ்சா நான் எதுக்கய்யா மருந்து கேக்கறேன்?" என்று அரசவை விகடன் செவ்வந்தியப்பனிடம் அழுதாள். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு?

"அந்தச் சிலம்பை இப்படிக் குடு தாயி," என்றான் அவன்.

சில நாள் கழித்துச் செவ்வந்தியப்பன் சபைக்குள் ஓர் ஆட்டை இழுத்து வந்தான். அதன் காலில் ஆவுடையின் சிலம்பு.

"அரசே, இந்த ஆடு ஊரெல்லாம் சுற்றிச் சிலம்பைக் காலி செய்துவிட்டது. ஆணைப்படி இதற்கு மருந்து தர வேண்டுகிறேன்."

அவனை மாட்டிவிட எப்போதடா என்று காத்திருந்த தீர்த்தகிரி எழுந்தார். "மோசடி, மன்னா! அது பூக்காரியின் சிலம்பு. இருவரையும் சிறையில் அடையுங்கள்."

"காலி செய்தவருக்கே என்பதுதானே ஆணை? காலி செய்தது ஆடு. ஆவுடைக்கு நான் மருந்து கேட்கவில்லையே."

"துள்ளித் திரியும் ஆட்டுக்கு எதற்கப்பா மருந்து? அது நோயாளிக்கல்லவா..." என்ற அரசர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதைத்தான் ஆவுடையும் கேட்கிறாள், அரசே."

"ஆணை ஆணைதான்," என்று தீர்த்தகிரி ஓலையை நீட்டினார். ஆடு அதை வெடுக்கென்று பிடுங்கி மென்றுவிட்டது.

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தம் சிலம்பை ஆட்டிப் பார்த்தார். நிறையக் கடுகு. எங்கும் பல்லக்கில் போகிறவருக்கு எப்படி உதிரும்?

"முத்திரை வைத்தவன் நான். தப்பு என்னுடையது," என்று முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பனுக்குப் போட்டார். ஆவுடையை வைத்தியரிடம் அழைத்துவரத் தம் பல்லக்கையே அனுப்பினார்.

அன்று மாலை கோயிலுக்கு அரசர் நடந்தே போனார். வழியெல்லாம் கடுகு உதிர்ந்தது. பின்னாலேயே அமைச்சரும் முணுமுணுத்தபடி நடந்தார்.