கடலுக்குள் கஸ்பாரின் தோட்டம்

“‘நம்ம பவளப்பாறைக்கு ஒருத்தரக் கூட்டிட்டுப் போனா, முதல்ல நீ…’ பெரியப்பா இப்படித்தான் ஆரம்பிப்பாரு. மிச்சம் மறந்துபோச்சு. என்ன சொல்லியிருப்பாரு டீச்சர்?” என்று கேட்டார் கஸ்பார்.

“உங்க பெரியப்பாவ எனக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றாள் பியூலா டீச்சர், சுக்கானைப் பிடித்தபடி.

டீச்சர் கஸ்பாரைவிட வயதில் மிகச் சின்னவள். ஆனால் ஒடிந்த பவளக் கிளையைச் சிமெண்ட் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வளர்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அடியில் கண்ணாடி பதித்த சுற்றுலாப் படகு. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அவர் மனைவி மெட்டில்டாவும் அன்று ஏறியிருந்தாள்.

பக்கத்துப் பெண்ணிடம் அவர் காதுபடவே சொன்னாள்: “ஏசி ரூம் வேலைய விட்டுட்டு வந்து, கல்லுக்குக் காவல் இருக்காரு எங்க வீட்டுக்காரரு.”

“கல்லு இல்ல. உசிரு.”

“அப்பக் காட்டுங்க, நம்புறேன். இல்லேன்னா ராத்திரி பிளேன்ல நீங்களும் ஏறணும். எங்கண்ணன் வேலை பாத்து வச்சிருக்கான்.”

சற்றுத் தூரத்தில் தண்ணீருக்கடியில் அவருடைய பவளத் தோட்டத்தின் கருநிழல் தெரிந்தது. டீச்சர் வேகத்தைக் குறைத்தாள்.

“கடல் வத்திக் கெடக்குண்ணே. மேல போனா அடி தட்டும்.”

“போன வருசம் இதே வத்தத்துல போனோமே! தட்டலையே!”

“இப்ப ஏன் தட்டும்?” என்று திருப்பிக் கேட்டாள் டீச்சர்.

கஸ்பார் எட்டி அந்தக் கருநிழலைப் பார்த்தார்.

போன வருடத்துச் சட்டை பிள்ளைக்குப் பத்தவில்லை என்று கண்ட அப்பன் மாதிரி அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

டீச்சர் எழுந்தாள். சுக்கானை அவர் கையில் கொடுத்தாள். முன்பக்கம் போய், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மெட்டில்டா கண்ணாடிமேல் குனிந்திருந்தாள். “என்னங்க, வெறும் மணல்தான் தெரியுது.”

“இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்தா.”

“அப்பப் போங்களேன். நாலு கொம்பு ஒடிஞ்சா ஒடியட்டும்.”

“நான் கட்டி விட்டப்ப ஒரு சாண்கூட இல்ல மெட்டில்டா.”

“இப்ப?”

“இப்ப அதுக்கு மேல படகு போகாது.”

அதை அவர் சொன்ன குரல் படகு முழுக்கக் கேட்டது.

“நான் பாக்காம எப்படி நம்புறது?”

கஸ்பார் சுக்கானை ஆழத்துப் பக்கம் திருப்பினார்.